மரண வீட்டுப் பந்தி: அளவறிந்து சமைத்தால் கடனில்லை

கல்யாண வீட்டுக்குச் சரக்குக் கொடுப்பதும் மரண வீட்டுக்குச் சரக்குக் கொடுப்பதும் ஒரே வியாபாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அரிசி அதே அரிசிதான், கிடாரமும் அதே கிடாரம்தான். ஆனால் கணக்கு வேறு. கல்யாணத்துக்குத் திகதி மாதக்கணக்கில் முன்பே தெரியும். அழைப்பிதழ் எத்தனை அடித்தார்கள் என்பதை வைத்துத் தலை எண்ணலாம். விலை கேட்டு நாலு கடை ஏறி இறங்க நேரமிருக்கும். மரணத்துக்கு இவை எதுவும் இல்லை. இரவு பத்து மணிக்குச் செய்தி வருகிறது. பதினொரு மணிக்குத் தேநீர் வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்று எவருக்கும் தெரியாது. பணம் எங்கே இருக்கிறது என்பதே சில வேளை இறந்தவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

இப்படியான நேரத்தில் நம் கடைக்கு வருபவர் பேரம் பேசுவதில்லை. கேட்ட விலையைக் கொடுப்பார். சொன்ன அளவை எடுப்பார். இதனால்தான் மரண வீட்டு ஓடர் ஒரு வியாபாரியின் நேர்மைக்கு வைக்கப்படும் சோதனை என்று நான் சொல்வதுண்டு. அந்த நாளில் நாம் கூடுதலாகத் தள்ளிவிடும் ஒவ்வொரு மூடையும் அந்தக் குடும்பத்தின் கடன் கொப்பியில் மாதக்கணக்கில் இருக்கும்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் பலசரக்குக் கடையும், அதோடு சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் தொழிலும் நடத்துபவன் என்ற முறையில், குறைந்த பணத்தில் பெரிய கூட்டத்துக்கு எப்படி மரியாதையாக உணவளிக்கலாம் என்பதை இந்த வாரம் எழுதுகிறேன். சில்லறைக் கடை, சமையல் ஒப்பந்தம், கூடாரம், கதிரை வாடகை என்று எதில் ஈடுபட்டிருப்பவருக்கும் இது பயன்படும்.

நாயாற்றுப் பக்கத்தில் கூட்டம் ஏன் பெரிது?

முல்லைத்தீவு நகரிலிருந்து கொக்கிளாய் வீதியில் தெற்கே போனால் சிலாவத்தை, அளம்பில், செம்மலை கடந்து நாயாறு வரும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. மீன்பிடிதான் ஊரின் உயிர். இன்னும் தெற்கே கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய். 1984 இறுதியில் இந்தக் கரையோரத்து மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். போர் 2009இல் முடிந்த பின்னர்தான் படிப்படியாகத் திரும்பினார்கள். இடையில் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஓடிவிட்டது. பிள்ளைகள் வேறு ஊர்களில் கல்யாணம் செய்து அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இதன் விளைவு மரண வீட்டில்தான் தெரியும். ஒரு வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால் வவுனியாவிலிருந்து ஒரு பஸ், திருகோணமலையிலிருந்து ஒரு பஸ், கொழும்பிலிருந்து வான் என்று சனம் வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வந்து முகம் பார்க்கும் வரை உடலை இரண்டு மூன்று நாள் வைத்திருக்கிறார்கள். பத்து வீட்டுச் சனம் அழுது முடிக்கும் மரணமாக இருந்தது இன்று முந்நூறு பேருக்குத் தேநீர் கொடுக்கும் மரணமாகிவிட்டது. வருமானம் மட்டும் அதே மீன்பிடி வருமானம்தான்.

எங்கள் சமூகத்தின் நிலையும் இதற்கு மிகத் தூரமில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளம் முதல் பல மாவட்டங்களில் சிதறினார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பக்கம் மீளக் குடியேறிய குடும்பங்களில் பாதிப் பேர் இங்கும் பாதிப் பேர் புத்தளத்திலும் இருக்கிறார்கள். ஜனாஸாவை நாம் தாமதிக்காமல் அடக்குவதால் உடல் காத்திருப்பதில்லை. ஆனால் தூரத்து உறவினர் அடக்கம் முடிந்த பிறகும் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு பிடி சோறு வேண்டும்.

ஒரு ஓடரின் கதை

ஒரு மாரி காலத்தில் நாயாற்றுப் பக்கத்துக் குடும்பம் ஒன்றிலிருந்து மூத்த மகன் வந்தார். தாயார் காலமாகிவிட்டார். வெளிநாட்டிலிருந்து தங்கை வரவேண்டும் என்பதால் இரண்டு இரவு காத்திருந்து மூன்றாம் நாள் பின்னேரம் தகனம். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் பல நாளாகத் தொழில் இல்லை. உறவினர் சேர்த்துக் கொடுத்ததும் கையிருப்பும் சேர்த்து அவரிடம் இருந்தது 90,000 ரூபா.

அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. உறவினர்கள் எழுதிக் கொடுத்தது. 500 பேருக்குச் சாப்பாடு, ஐந்து கறி, அப்பளம், பாயசம், இரண்டு நாளும் பால் தேநீர், இரவு முழிப்பவர்களுக்கு கேக், பற்றிஸ், ரோல்ஸ், சோடா. "நானா, அம்மாவின்ர கடைசிக் காரியம். ஒண்டும் குறையக் கூடாது" என்றார்.

அந்தப் பட்டியலை அப்படியே கட்டிக் கொடுத்திருந்தால் பணம் இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கும். மீதியைக் கடனாக எழுதச் சொல்லியிருப்பார். நானும் எழுதியிருக்கலாம். "தம்பி, முதலில் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று எண்ணுவோம். பிறகு என்ன சமைப்பது என்று பார்ப்போம்" என்றேன்.

முதல் வேலை: தலை எண்ணுவது

தகனத்துக்கு வரும் கூட்டம் வேறு. சாப்பிட இருக்கும் கூட்டம் வேறு. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டாலே செலவில் பெரும் பகுதி மிஞ்சும். மூன்று வகையாக எண்ண வேண்டும்.

முதலாவது, தூரத்திலிருந்து வருபவர்கள். இவர்கள் எல்லோரும் சாப்பிடுவார்கள். இவர்களை எண்ணுவதற்கு வாகனத்தை எண்ணினால் போதும். பஸ்ஸில் எத்தனை பேர், வானில் எத்தனை பேர் என்று புறப்படும் இடத்திலேயே ஒருவரைக் கேட்டுவிடலாம். இந்த வீட்டுக்கு இரண்டு பஸ்ஸில் 90 பேரும் மூன்று வானில் 36 பேரும் வருவதாகத் தெரிந்தது. ஆக 126.

இரண்டாவது, ஊரவர்கள். ஊர்வலத்தில் எல்லோரும் வருவார்கள். ஆனால் குளித்து முழுகிவிட்டுத் தங்கள் வீட்டிலேயே சாப்பிடுபவர்கள் பலர். அயல் வீடுகளில் 120 பேர் என்றால் 60 பேருக்குச் சமைத்தால் போதும்.

மூன்றாவது, வேலை செய்பவர்கள். சமையல், கூடாரம், மேளம், சுடலை வேலை, தண்ணீர், வாகனம் என்று 34 பேர். இவர்களைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உடம்பால் உழைப்பவர்கள் என்பதால் கூடுதலாகவும் சாப்பிடுவார்கள்.

கூட்டிப் பார்த்தால் 220. உறவினர் எழுதியது 500. பாதிக்கும் குறைவு!

தேநீரில் போகும் பணம்

மரண வீட்டில் பணம் சோற்றில் போவதாக நினைக்கிறோம். உண்மையில் அது தேநீரில் போகிறது. காரணம், சோறு ஒரு தடவை, தேநீர் ஓயாமல். முதல் இரவு 60 பேர் முழித்திருந்தால் ஆளுக்கு மூன்று கோப்பை என்று 180. இரண்டாம் நாள் பகலில் வந்துபோகும் 150 பேருக்கு ஒவ்வொன்று, இரவில் 80 பேருக்கு மூன்று மூன்றாக 240. மூன்றாம் நாள் 300 பேருக்கு ஒவ்வொன்று. மொத்தம் 870 கோப்பை.

இதை பிளேன்டியாகக் கொடுத்தால் ஒரு கிலோ தேயிலையில் ஏறக்குறைய 450 கோப்பை வரும். இரண்டு கிலோ போதும். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் சுமார் 10 கிராம். ஒன்பது கிலோ சீனி. இவ்வளவுதான். பால் தேநீராகக் கொடுத்தால் 400 கிராம் பால்மா பக்கற்றில் ஏறத்தாழ 40 கோப்பை என்று வைத்தாலும் 22 பக்கற் மேலதிகமாக வேண்டும். இன்றைய விலையில் 22ஐப் பெருக்கிப் பாருங்கள். ஒரு நேரச் சாப்பாட்டுக்கான அரிசியும் பருப்பும் அதில் அடங்கிவிடும்.

எனவே இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டி என்று முடிவானது. இரவு முழிப்பவர்களுக்கு அதுதான் நல்லதும்கூட. வயோதிபர்களுக்கும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் பால் தேநீர். அதற்கு மூன்று பக்கற் போதுமாக இருந்தது.

கேக், பற்றிஸ், சோடாவை நீக்கிவிட்டு இரவுக்குப் பாணும் பருப்பும் சம்பலும் வைத்தோம். 450 கிராம் பாண் ஒரு இறாத்தலில் மூன்று பேர் பசியாறலாம். பற்றிஸ் ஒன்றை வாயில் போட்டவர் அரை மணி நேரத்தில் மறுபடி பசி என்பார். பாண் சாப்பிட்டவர் விடியும் வரை இருப்பார். பேக்கரிக்குப் பின்னேரம் நான்கு மணிக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வகையைக் குறையுங்கள், அளவைக் குறைக்காதீர்கள்

பணம் போதாத போது பலர் செய்வது, ஐந்து கறியையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டியைக் குறைப்பது. இதனால் செலவும் குறையாது, வந்தவர் வயிறும் நிறையாது. ஐந்து கறிக்கு ஐந்து சட்டி, ஐந்து தாளிதம், ஐந்து பேரின் உழைப்பு, ஐந்து அடுப்பு எரிபொருள். மூன்று கறியை வைத்து, கேட்டவர்க்கு மறுபடியும் போட்டால் "நிறைவாகச் சாப்பிட்டோம்" என்றுதான் போவார்கள்.

அந்த வீட்டுக்குச் சைவச் சாப்பாடு. பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய். அதோடு அப்பளமும் ஒரு சம்பலும். குமுளமுனைப் பக்கத்து வயல்களில் விளைந்த நெல்லைக் குற்றிய புழுங்கல் அரிசி. புழுங்கலரிசி பச்சையரிசியைவிட நன்றாகச் சோறு காணும். ஒட்டாமல் உதிரியாகவும் நிற்கும். பெரிய பந்திக்கு இதுதான் சரி.

விலை வாரத்துக்கு வாரம் மாறும், அளவு மாறாது. ஆகவே 100 பேருக்கான அளவை இங்கே தருகிறேன். விலையை நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள்.

அரிசி: 13 முதல் 14 கிலோ.
பருப்பு: 4 கிலோ.
பூசணிக்காய்: 10 கிலோ.
கத்தரிக்காய்: 8 கிலோ.
தேங்காய் (எல்லாக் கறிக்கும் சம்பலுக்கும் சேர்த்து): 12 அல்லது 13.
பாண் (இரவுக்கு மட்டும்): 33 முதல் 35 இறாத்தல்.
பிளேன்டி ஒரு சுற்று: தேயிலை 225 கிராம், சீனி 1 கிலோ.

மீன் வைக்கும் வீடுகளில் காலத்தைப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமான மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் மீன்பாடு நல்லது. நாயாற்றுக் கரைக்கு மேற்குக் கரையோரத்திலிருந்து பருவகால மீனவர்கள்கூட வந்து தொழில் செய்யும் காலம் அது. அப்போது மீன் கறி மலிவு. வாடைக் காற்றுக் காலத்தில் மீனைத் தேடி அலையாமல் கருவாடு, முட்டை, சோயா மீற் என்று மாறிவிட வேண்டும். நம் வீடுகளில் ஜனாஸாவுக்கு வந்தவருக்கு இறைச்சி இல்லாவிட்டால் குறை என்று எண்ணும் பழக்கமும் இருக்கிறது. ஆறு பேர் அமரும் ஒரு சஹனில் பருப்பும் மாசிச் சம்பலும் முட்டையும் வைத்தால் எவரும் எழும்பிப் போவதில்லை. நான் கண்டதில்லை.

எளிய உணவு மரியாதைக் குறைவு அல்ல என்பதற்கு நம் கண்முன்னே உதாரணங்கள் உண்டு. ரமழானில் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் தினமும் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே ஒரு வகை நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். செல்வந்தரும் கூலித் தொழிலாளியும் அதே கஞ்சியைக் குடிக்கிறார்கள். இதே மாவட்டத்தில் தமிழ்ச் சகோதரர்கள் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிர்கிறார்கள். 2009இல் முற்றுகைக்குள் பசியோடு இருந்த சனத்துக்குக் கிடைத்த கஞ்சியின் நினைவு அது. அரிசியும் நீரும் உப்பும்தான் அடிப்படை. அதைக் கையில் வாங்குபவர் எவரும் இன்னொரு கறி கேட்பதில்லை.

கிடாரமும் தண்ணீரும் நெருப்பும்

30 கிலோ அரிசியை ஒரே கிடாரத்தில் போடக்கூடாது. 15 கிலோவாக இரண்டு கிடாரம். முதலாவதைச் சனம் சுடலையிலிருந்து திரும்பும் நேரத்துக்கு இறக்க வேண்டும். இரண்டாவதற்கு உலை கொதித்துக்கொண்டிருக்கட்டும். பந்தி நிரம்புவதைப் பார்த்த பின் அரிசியைப் போட வேண்டும். புழுங்கலரிசி வேக எடுக்கும் நேரத்தில் முதல் பந்தி முடிந்துவிடும். எண்ணிக்கை குறைந்தால் இரண்டாவது கிடாரத்தில் அரிசியைக் குறைக்கலாம். மிஞ்சிய அரிசி மூடையில் இருக்கும். மிஞ்சிய சோறு குப்பையில் இருக்கும்.

கரையோரத்தில் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் இடங்கள் உண்டு. சோற்றுக்கும் தேநீருக்கும் நல்ல தண்ணீர் பவுசரில் வரவேண்டும். கூடாரம் போடும் போதே இதற்கும் சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் போத்தல் தண்ணீர் வாங்குவது, பணத்தைக் கடலில் கொட்டுவது போன்றது.

பாத்திர வாடகைக்காரருக்கு ஒரு வார்த்தை. சைவ வீடுகளுக்குக் கொடுக்கும் கிடாரம், அகப்பை, வாளி எல்லாவற்றையும் தனியாக அடையாளமிட்டு வையுங்கள். அவற்றில் ஒருபோதும் மீனோ இறைச்சியோ சமைக்கக் கொடுக்காதீர்கள். கேட்பவர் கேட்காவிட்டாலும் இது அமானிதம். பல சமூகங்கள் வாழும் மாவட்டத்தில் நம் தொழில் நிற்பது இந்த நம்பிக்கையில்தான். இன்னொன்று, 2023 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து ஒருமுறை பாவித்து வீசும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி போன்றவற்றின் உற்பத்தியும் விற்பனையும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளன. கண்ணாடிக் கோப்பையும் எவர்சில்வர் தட்டும் வாடகைக்கு வைத்திருப்பவருக்கு இது நல்ல வாய்ப்பு. கழுவ இரண்டு பேருக்குக் கூலி கொடுத்தாலும் வீட்டுக்காரருக்கு இலாபம்தான்.

உணவு கெட்டுப்போவது பற்றிக் கண்டிப்பாக இருங்கள். சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அறை வெப்பத்தில் வைக்கக் கூடாது, சூடாக வைப்பதானால் 60 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விதி. காலை பத்து மணிக்குச் சூட்டோடு கட்டிய பார்சலைப் பின்னேரம் மூன்று மணிக்குப் பிரித்தால் அது புளித்திருக்கும். தேங்காய்ப் பால் விட்ட கறி இன்னும் விரைவில் கெடும். முதற்பாலை இறக்கும் நேரத்தில் விடுங்கள். தூரத்துக்குப் போகும் பஸ்ஸுக்குப் பார்சல் கொடுப்பதென்றால் பால் விடாத கறியைக் கொடுங்கள். ஒரு மரண வீட்டில் முப்பது பேருக்கு வயிற்றோட்டம் வந்தால் அந்தச் சமையல்காரருக்கு ஊரில் மறுபடியும் அடுப்பு எரியாது.

மூடையைத் திருப்பி எடுங்கள்

இனி வியாபாரிகளான நமக்குரிய பகுதி. மரண வீட்டுக்காரர் தேவைக்கு மேல் வாங்குவது பயத்தினால். "முடிந்துவிட்டால் நடு இரவில் எங்கே போவது?" என்ற பயம். அந்தப் பயத்தை நீக்கினால் அவர் அளவாக வாங்குவார். அதற்கு ஒரே வழி, பிரிக்காத பொருளை வாங்கிய விலைக்கே திருப்பி எடுப்பது.

நான் செய்வது இதுதான். அரிசி, சீனி, பருப்பு, தேயிலை, பால்மா, எண்ணெய் ஆகியவற்றைச் சிறிய பொதிகளாகக் கொடுக்கிறேன். 50 கிலோ மூடையாக அல்ல, 10 கிலோப் பைகளாக. மூன்று நாளுக்குள் உடைக்காமல் கொண்டு வந்தால் அதே விலை கழிக்கப்படும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதிவிடுகிறேன். அந்த நாயாற்று வீட்டுக்கு 40 கிலோ அரிசி, 12 கிலோ சீனி, 6 பக்கற் பால்மா போனது. திரும்பி வந்தது 10 கிலோ அரிசி, 3 கிலோ சீனி, 3 பக்கற் பால்மா. எனக்கு நட்டம் எதுவும் இல்லை. அடுத்த நாள் அலுமாரியிலிருந்து அதே பொருள் விற்றுப்போனது. அவர்களுக்கோ அது பணம். 90,000 ரூபாவுக்குள் இரண்டு இரவும் பந்தியும் முடிந்து, மிஞ்சியது எட்டுச் செலவுக்குப் போனது.

விலை சொல்லும் போது தலைக்கு இவ்வளவு என்று சொல்லாமல் கிடாரத்துக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். தலைக்கணக்கில் 500 பேருக்கு ஒப்புக்கொண்டவர் 220 பேர் சாப்பிட்டாலும் 500க்கும் கொடுக்க வேண்டும். கிடாரக் கணக்கில் இரண்டாவது கிடாரம் ஏறாவிட்டால் அதற்குப் பணமில்லை.

விலையை எழுத்தில் கொடுங்கள், எத்தனை நாளுக்கு அந்த விலை என்பதையும் எழுதுங்கள். 2022ஐ நாம் மறக்க முடியாது. 2021 ஒக்டோபரில் 2,675 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அந்த நாட்களில் வாய்வார்த்தையில் விலை பேசி எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் ஓடர் எடுத்தவர்கள், கொடுத்தவரோடும் மனத்தாங்கல், சரக்கு வாங்கிய இடத்திலும் கடன் என்று இரு பக்கமும் அடி வாங்கினார்கள்.

கடன் கொடுக்க வேண்டி வந்தால் விதவையின் பேரிலோ, அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் பேரிலோ எழுதாதீர்கள். பொறுப்பான ஒருவரை முன்னால் வரச் சொல்லுங்கள். மச்சானோ மாமனோ, சங்கத்தின் பொருளாளரோ ஒருவர் மட்டுமே சரக்கு எடுக்கலாம், ஒருவர் மட்டுமே கையொப்பமிடலாம். நாலு பேர் வந்து நாலு தடவை எடுத்தால் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது. பிணக்கு வரும்.

செலவு யாருடைய பணம்?

மூத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி மதீனாவுக்கு வந்தபோது, அவரது குடும்பத்தார் துயரத்தில் இருப்பதால் அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் மற்றவர்களைப் பணித்ததை நாம் அறிவோம். உணவு அயலவரிடமிருந்து மரண வீட்டுக்குப் போகிறது. இன்று பல இடங்களில் அது மரண வீட்டிலிருந்து அயலவருக்குப் போகிறது. மூன்று, ஏழு, நாற்பது பற்றிய மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் விடுகிறேன். நான் பேசுவது கணக்கு. இறந்தவரின் சொத்தில் முதலில் கடன் தீர்க்கப்பட வேண்டும். மீதியில் அநாதைப் பிள்ளைகளின் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கிலிருந்து நம் கடைக்கு வரும் பணத்தில் எப்படி பரக்கத் இருக்கும்?

தமிழ்ச் சகோதரர்களின் மரபிலும் இதே ஞானம் இருக்கிறது. உடல் எடுக்கும் வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல் வீட்டில்தான் தேநீரும் சாப்பாடும். பாரம் அயலவர் தோளில் விழும்படிதான் முன்னோர் ஏற்பாடு செய்தார்கள்.

இந்தப் பாரம் குடும்பத்தின் மேல் விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று. தென்னாபிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 2003 முதல் 2005 வரை நிகழ்ந்த மரணங்களைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அங்கே ஒரு குடும்பம் ஒரு இறுதிச் சடங்குக்குச் செலவிட்டது, சராசரியாக ஒரு வளர்ந்தவரின் ஓராண்டு வருமானத்துக்குச் சமம் என்று கண்டார்கள். இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் மரண விருந்தால் குடும்பங்கள் கடனில் மூழ்குவதைப் பார்த்து 1960இல் அதைத் தடுக்கும் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்த விருந்துக்காகக் கடன் கொடுப்பதையும் வாங்குவதையும்கூட அந்தச் சட்டம் தடுக்கிறது. கடன் கொடுப்பவரும் பொறுப்பாளி என்ற எண்ணம் நம்மைப் போன்ற கடைக்காரர்கள் சிந்திக்க வேண்டியது.

சங்கத்தோடு வியாபாரம் செய்யுங்கள்

தீர்வு சட்டத்தில் இருப்பதைவிட மரண உதவிச் சங்கத்தில் இருக்கிறது. நம் நாட்டில் எல்லாச் சமூகங்களிலும் இது உண்டு. மாதச் சந்தா கட்டுகிறார்கள். மரணம் நிகழ்ந்தால் சங்கம் ஒரு தொகை கொடுக்கிறது. சில சங்கங்களிடம் கூடாரமும் கதிரையும் கிடாரமும் சொந்தமாகவே உண்டு. எத்தியோப்பியாவில் 'இத்திர்' என்ற பெயரில் இதே போன்ற சங்கங்கள் பரவலாக இயங்குகின்றன. அங்கும் சந்தா, அங்கும் கூடாரம், வாங்கு, பாத்திரம் பொதுச் சொத்து. கண்டம் கடந்தும் ஏழை மக்கள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பல சங்கங்கள் செய்யும் குறை, பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குவது. அந்தப் பணம் பற்றிஸிலும் சோடாவிலும் கரைந்துவிடுகிறது. வியாபாரிகள் முன்வந்து சங்கத்தோடு ஆண்டுக்கு ஒரு உடன்பாடு செய்துகொள்ளலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். நிபந்தனைகள் எளியவை.

ஒன்று, மரணச் செய்தி வந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் 'முதல் இரவுப் பொதி' வீட்டுக்குப் போகும். தேயிலை, சீனி, இஞ்சி, பாண், பருப்பு, இரண்டு பக்கற் பால்மா, தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரம், கோப்பை. அந்த நேரத்தில் எவரும் பணம் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இரண்டு, சங்கத்தின் பொருளாளர் மட்டுமே ஓடர் கொடுப்பார். தலை எண்ணும் வேலையும் அவருடையது.

மூன்று, பிரிக்காத பொருள் திரும்பும்.

நான்கு, சங்கம் ஒரு மாதத்துக்குள் பணம் செலுத்தும். குடும்பத்திடம் நான் ஒரு சதமும் கேட்பதில்லை.

இதில் வியாபாரிக்கு என்ன இலாபம் என்று கேட்பீர்கள். ஒரு ஓடரில் இலாபம் குறைவுதான். ஆனால் வாராக் கடன் இல்லை. மரண வீட்டு வாசலில் கொப்பியோடு நிற்கும் அவமானம் இல்லை. பாத்திரம் சங்கத்தின் பொறுப்பில் போய் எண்ணிக்கை குறையாமல் திரும்பும். அந்த ஊரில் கல்யாணம், பூப்புனித நீராட்டு, கோவில் திருவிழா, சுன்னத்து என்று எது வந்தாலும் அதே பொருளாளர் அதே கடைக்கு வருவார். மரணத்தில் ஏமாற்றாதவன் கல்யாணத்தில் ஏமாற்ற மாட்டான் என்பது சனத்தின் கணக்கு. அது சரியான கணக்குத்தான்.

உங்கள் மஹல்லாவிலோ ஊரிலோ மரண உதவிச் சங்கம் இருந்தால் இந்த மாதக் கூட்டத்துக்கு ஒரு முறை போங்கள். மேலே தந்த 100 பேருக்கான அளவைத் துண்டில் எழுதிப் பொருளாளரிடம் கொடுங்கள். சங்கம் இல்லாத ஊரென்றால் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து பள்ளி நிர்வாக சபையிடமோ கிராம அபிவிருத்திச் சங்கத்திடமோ பேசி ஒன்றை ஆரம்பித்து வையுங்கள். முதல் இரண்டு கிடாரத்தை நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் பிழையில்லை. அவை ஊரின் எல்லா வீட்டுக்கும் போய்வரும்.